முன் சீட்டில் உட்காருங்க பாஸ்!

மெல்போர்ன் விமான நிலையத்தில் இறங்கி வெளியே வர்றீங்க. ஊருக்குள் போக இன்னும் ரயில் கிடையாது. 'ஸ்கைபஸ்'னு ஒரு பஸ் சதர்ன் கிராஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகும். பெட்டி, மூட்டைனு லக்கேஜ் அதிகம்னா டாக்ஸிதான். டாக்ஸி கிட்டே போனதும் நம்ம கை தானா எந்தக் கதவுக்குப் போகும்? பின்னாடி கதவுக்குத்தானே! ஓட்டுறவர் முன்னாடி, காசு கொடுக்கிறவர் பின்னாடி... பிறந்ததிலிருந்து நாம பார்த்த வழக்கம் அதுதான்.

அந்த ஊர் வழக்கம் வேற. தனியா ஏறுகிற ஆள், அதிலும் ஆம்பளைன்னா, முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில்தான் உட்காருவார். ஏறினதும் "எப்படிப் போகுது?"னு டிரைவரை ஒரு வார்த்தை கேட்பார். பின்னாடி போய் சாய்ஞ்சுக்கிட்டா, 'நீ என் டிரைவர், நான் உன் முதலாளி'னு சொல்லாம சொல்ற மாதிரி! ஊபர் வந்த பிறகு இந்தப் பழக்கம் ரொம்பவே தேய்ஞ்சு போச்சு. பெண்கள் பின் சீட்டில் உட்கார்ந்தா யாரும் எதுவும் நினைக்கிறதும் இல்லை. ஆனா, அந்த முன் சீட்டு மனசு மட்டும் ஊரை விட்டுப் போகலை. ஆபீஸ், யுனிவர்சிட்டி, கடை, பப்னு எங்கே போனாலும் அது உங்களை எதிர்கொள்ளும்.

மோனாஷ், ஆர்.எம்.ஐ.டி.னு மேல்படிப்புக்கு அப்ளிகேஷன் போட்டு வெச்சிருக்கிறவங்களும், கேம்பஸில் செலக்ட் ஆகி ஆஸ்திரேலிய க்ளையன்ட் ப்ராஜெக்ட்டில் உட்காரப் போறவங்களும் கொஞ்சம் கிட்டே வாங்க. கை குலுக்குறது எப்படி, ஃபோர்க்கை எந்தக் கையில் பிடிக்கிறதுங்கிறதெல்லாம் ரெண்டே நாளில் வந்துடும். இந்த முன் சீட்டுதான் நமக்கு வர லேட் ஆகும்.

'சார்' போஸ்ட் காலி!

ஸ்வான்ஸ்டன் தெருவில் ட்ராம் ஏறினா, ஆர்.எம்.ஐ.டி. வழியா மெல்போர்ன் யுனிவர்சிட்டி வாசல் வரைக்கும் போகலாம். நகரத்தின் நடுப்பகுதிக்குள் மட்டும் சுத்தறதா இருந்தா டிக்கெட்டே வேண்டாம். 2015-லிருந்து அங்கே ட்ராம் ஃப்ரீ! (யுனிவர்சிட்டி வாசல் அந்த ஃப்ரீ எல்லைக்கு வெளியே இருக்கு. அசந்து உட்கார்ந்துடாதீங்க. செக்கிங்கில் மாட்டினா அபராதம் பலமா இருக்கும்.)

அந்த யுனிவர்சிட்டியில், தலை நரைச்ச புரொஃபசர் முதல் நாளே தன் பேரைச் சொல்லி "இப்படியே கூப்பிடுங்க"ம்பார். இருபது வருஷமா 'சார்... மேடம்...'னு பழகின நம்ம நாக்கு அங்கே மக்கர் பண்ணும். சிலர் சமாளிச்சு, பேருக்குப் பின்னாடி 'சார்' சேர்ப்பாங்க. சிலர் கூப்பிடுறதையே தவிர்த்து, 'எக்ஸ்க்யூஸ் மி'யிலேயே ஒரு செமஸ்டரை ஓட்டிடுவாங்க. "ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிச்சு, "தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்"னு முடியுற மெயிலைப் பார்த்தா அவங்க கோபப்பட மாட்டாங்க. 'இந்தப் பையன் ஏன் இவ்வளவு தூரத்தில் நிற்கிறான்?'னு யோசிப்பாங்க. "ஹாய் பீட்டர்"னு ஆரம்பிச்சு, விஷயத்தை நாலு வரியில் சொல்லி, "தேங்க்ஸ்" போட்டு முடிச்சா அதுதான் மரியாதையான லெட்டர்.

ஆபீஸிலும் இதே கதைதான். கம்பெனித் தலைவரையே பேர் சொல்லித்தான் கூப்பிடணும். அவ்வளவு ஏன்... பிரதமர் ஆன்டனி ஆல்பனீஸியை ஊரே 'ஆல்போ'ன்னுதான் சொல்லுது. பதவியைப் பார்த்து பயப்படாத இந்தக் கிண்டல் எதுவரைக்கும் போகும்னா... 1967 டிசம்பரில் ஹரால்ட் ஹோல்ட்னு ஒரு பிரதமர் மெல்போர்னுக்குத் தெற்கே கடலில் நீந்தப் போய்க் காணாமலே போயிட்டார். உடல்கூடக் கிடைக்கலை. மெல்போர்ன்காரங்க அவர் ஞாபகமா ஒண்ணுக்குப் பேர் வெச்சாங்க. எதுக்கு தெரியுமா? நீச்சல் குளத்துக்கு! 'ஹரால்ட் ஹோல்ட் ஸ்விம் சென்டர்' இன்னிக்கும் இருக்கு. இந்த ஊர் நகைச்சுவை புரிய இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பேர் சொல்லிக் கூப்பிடுறதால முடிவெடுக்கிற அதிகாரம் உங்க கைக்கு வந்துடாது. மேனேஜர் மேனேஜர்தான். எத்தனையோ பேர் இந்த ஜாலியைப் பார்த்து, 'இங்கே ரூல்ஸே இல்லை'னு நினைச்சு லேட்டா போறது, டெட்லைனைத் தள்ளுறதுன்னு ஆரம்பிப்பாங்க. ஒன்பது மணி மீட்டிங்னா ஒன்பதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி அங்கே இருக்கணும். டிராஃபிக், மழைனு சொல்ற காரணம் எல்லாம் ஒரு தடவை செல்லும். ரெண்டாவது தடவை சிரிச்சுக்கிட்டே கேட்பாங்க... மூணாவது தடவை உங்களைக் கூப்பிடவே மாட்டாங்க!

கப்பை யார் கழுவுறது?

காலின்ஸ் தெரு மெல்போர்னின் பெரிய ஆபீஸ் தெரு. பேங்க், வக்கீல் ஆபீஸ், கன்சல்டன்ட் எல்லாம் வரிசையா இருக்கும். காலையில் எட்டரைக்குப் பார்த்தா பாதி ஊர் கறுப்பு டிரெஸ்ஸில், கையில் காபி கப்போட நடக்கும். காபின்னா அங்கே பக்தி! 2008-ல் ஸ்டார்பக்ஸ் கம்பெனி ஆஸ்திரேலியாவில் 60-க்கும் மேற்பட்ட கடைகளை ஒரே மூச்சில் இழுத்து மூடினப்போ, மெல்போர்ன்காரங்க பெரிசா வருத்தப்படலை. டெக்ரேவ்ஸ் தெரு மாதிரி ரெண்டு பேர் கை விரிச்சா சுவர் இடிக்கிற சந்துகளில், இத்தாலியில் இருந்து வந்தவங்க ஆரம்பிச்சு வெச்ச காபிப் பழக்கம் அவங்களோடது. 'ஃப்ளாட் ஒயிட்'னா பால் சேர்த்தது, 'லாங் ப்ளாக்'னா பால் இல்லாதது. இந்த ரெண்டும் தெரிஞ்சா பிழைச்சுக்கலாம்.

முதல் பிசினஸ் பேச்சே பெரும்பாலும் இந்தக் காபிக் கடையில்தான் நடக்கும். கவனிங்க... "நான் போய் வாங்கிட்டு வரேன், உனக்கு என்ன?"னு உங்க பாஸே கேட்பார். துள்ளி எழுந்து "நோ நோ சார், நான் போறேன்!"னு பதறாதீங்க. என்ன வேணும்னு சொல்லுங்க, அடுத்த தடவை நீங்க வாங்கிக் கொடுங்க. கணக்கு நேர்!

ஆபீஸ் கிச்சனில் இது இன்னும் தெளிவா தெரியும். ஆபீஸ் பாய் கிடையாது. டீ தூக்கிட்டு வர அட்டெண்டர் கிடையாது. குடிச்ச கப்பை நீங்களே கழுவணும், இல்லே டிஷ்வாஷரில் வைக்கணும். ஸிங்க் மேலே 'உங்க அம்மா இங்கே வேலை பார்க்கலை'னு நோட்டீஸ் ஒட்டியிருந்தா ஆச்சரியப்படாதீங்க. டைரக்டர் கப் கழுவிட்டு இருப்பார். பக்கத்தில் போன மாசம் சேர்ந்த ட்ரெய்னி தன் கப்பை ஸிங்க்கில் வெச்சுட்டு நடந்தா, யாரும் திட்ட மாட்டாங்க. ஆனா ஆபீஸ் முழுக்கப் பார்த்திருக்கும்.

அதே மாதிரி, தரை துடைக்கிறவர், ரிசப்ஷனில் இருக்கிறவர், செக்யூரிட்டினு எல்லோருக்கும் 'குட் மார்னிங்' சொல்லணும். பஸ்ஸிலிருந்து இறங்குறப்போ பயணிகள் டிரைவருக்கு 'தேங்க்யூ' சொல்லிட்டுத்தான் இறங்குறாங்க. பின் வாசல் வழியா இறங்கினாலும் அங்கிருந்து குரல் கொடுப்பாங்க!

'யெஸ்' சொல்லி மாட்டிக்காதீங்க

இப்போ மீட்டிங் ரூம். பெரிய மீட்டிங்னா ஆரம்பத்தில் ஒருத்தர் எழுந்து, இந்த மண்ணின் பூர்வகுடி மக்களுக்கு மரியாதை செலுத்தி ரெண்டு வரி பேசுவார். மெல்போர்னில்னா குலின் இனத்தைச் சேர்ந்த வுருண்ட்ஜெரி, புனுராங் மக்களோட பேரைச் சொல்வாங்க. அந்த நேரத்தில் செல்போனை நோண்டாம அமைதியா கேளுங்க. பல ஆயிரம் வருஷமா அவங்க வாழ்ந்த ஊர் அது.

அப்புறம் கொஞ்சம் அரட்டை. வீக் எண்ட் எப்படிப் போச்சு, மழை, மேட்ச். இதை 'மொக்கை'னு நினைச்சு லேப்டாப்பைத் திறந்துடாதீங்க. அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் நீங்க யாருன்னு எடை போடுறாங்க. ஆனா நம்ம ஊர் அரட்டைக் கேள்விகளான "சம்பளம் எவ்வளவு?", "கல்யாணம் ஆச்சா?", "ஏன் இன்னும் குழந்தை இல்லை?" எல்லாத்தையும் ஏர்போர்ட்டிலேயே விட்டுட்டு வந்துடணும்.

அதுக்கப்புறம்தான் நிஜமான சோதனை. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சுடுமா? நீ என்ன நினைக்கிறே?"னு உங்களைப் பார்த்துக் கேட்பாங்க. முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் உங்க லீடுக்கும் தெரியும். இருந்தாலும் நம்ம வாயிலிருந்து என்ன வரும்? "யெஸ்... வி வில் ட்ரை!" மேலே இருக்கிறவர் கேட்டா 'முடியாது'ன்னு சொல்றது மரியாதைக் குறைவுன்னு எல்.கே.ஜி.யிலிருந்து நம்மைப் பழக்கி வெச்சிருக்காங்க. நம்ம ஊரில் அந்த 'ட்ரை'யின் சுருதியை வெச்சே, 'ஓ... முடியாது போல'னு கேட்கிறவர் புரிஞ்சுப்பார். அந்த ஊர்க்காரருக்கு அந்த சுருதி காதில் விழாது. அவர் 'யெஸ்'ங்கிற வார்த்தையை மட்டும் நோட்டில் எழுதிக்குவார். அதை நம்பி தன் வாடிக்கையாளருக்கு வாக்கும் கொடுத்துடுவார். வெள்ளிக்கிழமை வேலை முடியலைன்னா அவர் கணக்கில் நீங்க லேட் பண்ணினவர் கிடையாது. பொய் சொன்னவர்! இந்த ரெண்டுக்கும் அங்கே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அதே நாள், "வெள்ளிக்கிழமை கஷ்டம். டெஸ்ட்டிங்குக்கு மூணு நாள் வேணும். அடுத்த புதன் தரேன். அவசரம்னா முதல் பாதியை மட்டும் வெள்ளிக்கிழமை தரமுடியும்"னு சொல்லிப் பாருங்க. "நோ வொர்ரீஸ்"னு சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போயிடுவாங்க. எதிர்த்துப் பேசினதா யாரும் நினைக்க மாட்டாங்க. 'இந்தப் பொண்ணு சொன்னா நம்பலாம்'னு மனசில் ஒரு டிக் விழும். எவ்வளவு திறமை இருந்தாலும், மீட்டிங்கில் வாயே திறக்காதவங்களை அங்கே 'பணிவானவர்'னு எடுத்துக்கிறது கிடையாது. 'சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை போல'னுதான் எடுத்துக்குவாங்க. யுனிவர்சிட்டி டுட்டோரியல்களிலும் இதே நிலைமைதான். பல பாடங்களில் பேசுறதுக்குத் தனி மார்க்கே உண்டு.

இன்னொரு பக்கம், அவங்க பேசுற இங்கிலீஷ் நமக்குப் பொடி வைக்கும். பாட்டம் லைனை நேரா சொல்ற ஆளுங்கதான். ஆனா, எதையும் ஒரு படி குறைச்சுச் சொல்வாங்க. "நாட் பேட்"னா பிரமாதம்னு அர்த்தம். "கொஞ்சம் கவலையா இருக்கு"ன்னா வீடு பத்திக்கிட்டு எரியுதுன்னு அர்த்தம். 'யெ நா'னு இழுத்தா, அதாவது 'யெஸ்'ஸும் 'நோ'வும் சேர்ந்து வந்தா, கடைசியா வந்த 'நோ'தான் பதில். "ஹவ் யா கோயிங்?"னு கேட்டா பஸ்ஸிலா ட்ராமிலான்னு விளக்க வேண்டாம். 'சௌக்கியமா?'ன்னு அர்த்தம். 'ஆர்வோ'ன்னா மத்தியானம், 'ஸ்மோகோ'ன்னா டீ பிரேக், 'தாங்ஸ்'னா காலில் போடுற ரப்பர் செருப்பு. சில வீடுகளில் "டீக்கு வா"ன்னு கூப்பிட்டா ராத்திரிச் சாப்பாட்டுக்கு. டீயை மட்டும் நினைச்சுக்கிட்டு வயிறு நிறைய சாப்பிட்டுப் போயிடாதீங்க!

கலாய்ப்பும் அப்படித்தான். உங்களை ஓட்டுறாங்கன்னா சேர்த்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். முகத்தைத் தூக்கி வெச்சுக்காம திருப்பி ஓட்டுங்க. ஆனா நிறம், இனம், மதத்தை வெச்சு யாராவது 'ஜோக்' அடிச்சா அது கலாய்ப்பில் சேராது. அதைப் பொறுத்துக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லலை. "அது சரியில்லை"னு அங்கேயே சொல்லலாம், எழுத்தில் ஹெச்.ஆருக்கும் போகலாம்.

மூணு எட்டு

இந்த ஊருக்கு இந்த குணம் எங்கிருந்து வந்தது? ரஸல் தெருவும் விக்டோரியா தெருவும் சந்திக்கிற மூலைக்குப் போனா ஒரு கல்தூண் நிற்கும். 1903-ல் வெச்சது. உச்சியில் ஒரு உருண்டை, அதுக்குக் கீழே 888-னு மூணு எட்டு. லாட்டரி நம்பர்னு நினைச்சுத் தாண்டிப் போறவங்கதான் அதிகம்!

எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு. 1856 ஏப்ரல் 21-ம் தேதி மெல்போர்ன் யுனிவர்சிட்டிக் கட்டடத்தில் வேலை பார்த்துட்டு இருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வெச்சாங்க. வழியில் இருந்த மற்ற கட்டடத் தொழிலாளிகளையும் சேர்த்துக்கிட்டு பார்லிமென்ட் கட்டடம் வரைக்கும் ஊர்வலமாப் போனாங்க. சம்பளம் குறையாம எட்டு மணி நேர வேலைங்கிறதைக் கட்டடத் தொழிலில் வாங்கியும் காட்டினாங்க. சிகாகோவில் மே தினப் போராட்டம் நடந்த 1886-க்கு 30 வருஷம் முன்னாடி! நீங்க இன்னிக்கு மெல்போர்ன் யுனிவர்சிட்டிக்கு கிளாஸுக்குப் போனா, அந்தப் போராட்டம் ஆரம்பிச்ச வளாகத்துக்குள்தான் போறீங்க. தூணுக்கு எதிரே தொழிற்சங்கங்களின் 'ட்ரேட்ஸ் ஹால்' கட்டடமும் இன்னும் கம்பீரமா நிற்குது.

இதெல்லாம் தெரிஞ்சா, அஞ்சு மணி ஆனதும் ஆபீஸில் லேப்டாப்புகள் படபடன்னு மூடுறது ஏன்னு புரியும். வாரத்துக்கு 38 மணி நேரம்தான் சட்டப்படி முழுநேர வேலை. நிரந்தர ஊழியருக்கு வருஷத்துக்கு நாலு வாரம் சம்பளத்தோட லீவு. பாஸ் கிளம்புற வரைக்கும் சும்மாவாவது உட்கார்ந்திருக்கிற நம்ம வழக்கம் அங்கே எடுபடாது. 'இவனுக்கு வேலையை நேரத்துக்கு முடிக்கத் தெரியலையா?'னுதான் நினைப்பாங்க. 2024 ஆகஸ்ட் 26-லிருந்து இன்னொரு சட்டமும் இருக்கு. வேலை நேரம் முடிஞ்ச பிறகு ஆபீஸிலிருந்து வர்ற போனையோ மெயிலையோ கண்டுக்காம இருக்க ஊழியருக்கு உரிமை, அப்படி மறுக்கிறது நியாயமில்லாததா இருந்தா மட்டும் செல்லாது. சின்ன நிறுவனங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சு, 2025-ல் வந்தது.

சென்னையில் உட்கார்ந்து மெல்போர்ன் க்ளையன்ட்டோட வேலை பார்க்கப் போறவங்களுக்கு இங்கேதான் இடிக்கும். நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னாடி ஓடுது அவங்க கடிகாரம். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரைக்கும் அஞ்சரை மணி நேரம். ஜனவரியில் அவங்க காலை ஒன்பது மணி மீட்டிங், நமக்கு விடிகாலை மூன்றரை! அவங்க அஞ்சு மணிக்கு மூட்டை கட்டுறப்போ நமக்கு 11.30. பிரிஸ்பேனில் கடிகாரத்தை மாத்துறதே இல்லை, பெர்த் எப்பவும் ரெண்டரை மணி நேரம்தான் முன்னாடி. ஒரே நாடு, நாலைஞ்சு நேரம். மீட்டிங் போடுறப்போ எந்த ஊர் நேரம்னு கேட்டுக்கிறது நல்லது. 'மத்தியானம் பதினொண்ணரைக்கு மேலே க்ளையன்ட் போன் எடுக்க மாட்டேங்கறான்'னு புலம்புறவங்க, அவர் தன் முப்பாட்டன் ஊர்வலம் போய் வாங்கின நேரத்தில் இருக்கார்னு நினைச்சுக்கலாம். பாவம், நமக்குத்தான் அப்படி ஒரு தூண் வாசலில் இல்லை!

சமத்துவம்னு ரொம்பவே புகழ்ந்துட்டேனோ? மறுபக்கத்தையும் பார்த்துடலாம். அந்தத் தூணை வெச்ச காலத்தில், எட்டு மணி நேரம் எல்லோருக்கும் கிடைச்சுடலை. பெண்கள் நிறைய பேருக்குக் கிடைக்கலை. 1901-ல் நாடு உருவான கையோட, வெள்ளையர் அல்லாதவங்க குடியேறாம தடுக்கச் சட்டம் போட்டாங்க. அந்தக் கொள்கை முழுசா ஒழிய 1973 ஆச்சு. 'எல்லோரும் சமம்'ல 'எல்லோரும்' யாருங்கிற கேள்வி அங்கே ரொம்ப நாள் இருந்தது.

இன்னிக்கும் அந்தக் கேள்வி நம்ம ஸ்டூடன்ட்ஸ் பார்ட் டைம் வேலை பார்க்கிற இடத்தில் தலை தூக்கும். 2015-ல் செவன் லெவன் கடைகளில் வெளிநாட்டு மாணவர்களுக்குச் சட்டப்படியான சம்பளம் கொடுக்காத விவகாரம் பத்திரிகையிலும் டி.வி.யிலும் வெடிச்சது. பேங்க்கில் முழுச் சம்பளம் போட்டுட்டு, பாதியைக் கையில் திருப்பி வாங்கிக்கிற வேலை எல்லாம் நடந்திருந்தது. கடைசியில் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேலே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அத்தனை நாள் ஏன் வெளியே வரலை? விசா போயிடுமோங்கிற பயம். அதோட, முதலாளியை எதிர்த்து எப்படிக் கேட்கிறதுங்கிற தயக்கம். ஏமாத்தினவங்களில் சில பேர் நம்ம பாஷை பேசி, 'தம்பி... நம்ம ஆளு'னு தோளில் கை போடுறவங்களாவும் இருக்கலாம். அங்கேதான் வாய் இன்னும் அடைச்சுக்கும்.

அதனால சில நம்பரை மனசில் போட்டுக்குங்க. படிப்பு நடக்கிற காலத்தில் ஸ்டூடன்ட் விசாவில் ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். இது 2023 ஜூலையில் வந்த விதி. நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச சம்பளம் 2025 ஜூலை 1-ல் மணிக்கு 24.95 டாலர் ஆச்சு. ஒவ்வொரு ஜூலையும் இது மாறும், கேஷுவல் வேலைன்னா அதுக்கு மேலே 25 சதவிகிதம். சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் கொடுத்தாகணும். தெரிஞ்சே சம்பளத்தைக் குறைச்சுக் கொடுக்கிறது 2025 ஜனவரியிலிருந்து கிரிமினல் குற்றம். 'ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன்' அலுவலகத்துக்கு 13 13 94-ல் போன் பண்ணலாம். இங்கிலீஷில் பேசக் கூச்சமா இருந்தா முதல்ல 131 450-க்குப் போன் பண்ணி 'தமிழ்'னு சொல்லுங்க. மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்ப்பாங்க. மீட்டிங் ரூமில் 'வெள்ளிக்கிழமை முடியாது'ன்னு சொல்லப் பழகின வாய்தான், கடை முதலாளிகிட்டே 'என் பே ஸ்லிப் எங்கே?'ன்னும் கேட்கும்.

ரவுண்டு கட்டுங்க

வேலை தேடுறப்போ ஒரு சின்ன விஷயம். ரெஸ்யூமேயில் போட்டோ, அப்பா பேர், பிறந்த தேதி, மதம், கல்யாண விவரம் எதுவும் வேண்டாம். இன்டர்வியூவில் 'யுனிவர்சிட்டி ரேங்க் ஹோல்டர்'னு மூணு தடவை சொன்னா எடுபடாது. மத்த பயிரைவிட உயரமா நிற்கிற பாப்பிப் பூவை வெட்டுவாங்கன்னு அங்கே ஒரு பேச்சு உண்டு. பந்தா பண்றவங்களைப் பிடிக்காதுன்னு அர்த்தம். 'இந்த ப்ராஜெக்ட்டில் இந்தப் பிரச்னை வந்தது, நான் இதைச் செஞ்சேன், இவ்வளவு நேரம் மிச்சமாச்சு'னு சொல்லுங்க, போதும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸே பக்கத்து பப்புக்குக் கிளம்பும். குடிக்கணும்னு கட்டாயமே கிடையாது. சோடாவோ, ஜூஸோ கையில் வெச்சுக்கிட்டு நின்னா ஏன்னு கேட்க மாட்டாங்க. ஆனா அங்கே 'ஷவுட்'னு ஒரு கணக்கு இருக்கு. கத்துறது கிடையாது... ஒருத்தர் அந்தக் கூட்டத்துக்கே ஒரு ரவுண்டு வாங்கிக் கொடுப்பார், அடுத்த ரவுண்டு அடுத்தவர். மூணு ரவுண்டு வாங்கிக் குடிச்சுட்டு, உங்க முறை வர்றப்போ 'கடைசி ட்ரெயின் போயிடும்'னு நழுவினீங்க... திங்கட்கிழமை வரைக்கும் ஞாபகம் வெச்சிருப்பாங்க! கட்டுப்படியாகாதுன்னா முதல்லயே "என் ட்ரிங்க்கை நானே வாங்கிக்கிறேன்"னு சொல்லிடலாம். தப்பே இல்லை.

பேச்சு சுத்திச் சுத்தி 'ஃபுட்டி'க்கு வரும். ஓவல் மைதானத்தில் பதினெட்டு பேர் விளையாடுற அவங்க ஊர் ஃபுட்பால் அது. எந்த டீம்னு கேட்டா ஏதாவது ஒண்ணைச் சொல்லி வைங்க, அந்த டீமை வெச்சே ஓட்டுவாங்க. அமெரிக்கப் படங்களைப் பார்த்துட்டு 'ஐ ரூட் ஃபார்...'னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. அந்த ஊரில் அந்த 'ரூட்'டுக்கு அர்த்தமே வேற. சீனியர்கிட்ட தனியா கேட்டுக்குங்க! கிரிக்கெட் வந்தா நமக்கு ஹோம் கிரவுண்ட். அடிலெய்டில் 36 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனதை அவங்க ஆரம்பிச்சா, அடுத்த மேட்ச்சே மெல்போர்னில் ரஹானே அடிச்ச செஞ்சுரியை நீங்க எடுத்து விடுங்க. நெட் பௌலரா போன சின்னப்பம்பட்டி நடராஜன் அதே டூரில் மூணு ஃபார்மட்டிலும் அறிமுகமாகி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஜெயிச்ச டெஸ்ட்டில் ஆடினதையும் சேர்த்துக்குங்க. ஒரு ரவுண்டு அவங்க செலவில் வரும்.

நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்னில் யாருக்கும் மீட்டிங் போடாதீங்க. 1861-லிருந்து நடக்கிற 'மெல்போர்ன் கப்' குதிரை ரேஸ். ஒரு ரேஸுக்காக ஊருக்கே அரசு விடுமுறை!

பழகினபிறகு வீட்டுக்கும் கூப்பிடுவாங்க. "ப்ரிங் எ ப்ளேட்"னு மெசேஜ் வரும். அவங்க வீட்டில் தட்டு பத்தாக்குறைனு நினைச்சு, புதுசா வந்தவங்க காலித் தட்டைத் துடைச்சு எடுத்துட்டுப் போன கதைகள் அந்த ஊரில் ஏராளம். தட்டு நிறைய எல்லோரும் பகிர்ந்துக்கிற மாதிரி சாப்பாட்டு ஐட்டம் ஏதாவது கொண்டு வான்னு அர்த்தம். மெதுவடை எடுத்துட்டுப் போங்க. முதல்ல டோனட்னு நினைச்சு சர்க்கரை தேடுவாங்க. அப்புறம், நடுவில் ஏன் ஓட்டைனு கேட்பாங்க. அதுக்கு மட்டும் ஒரு பதிலை இங்கிருந்தே தயார் பண்ணிட்டுப் போயிடுங்க!